இராமானுஜன் என்றொரு சிறுகோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இலட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் இராமானுஜன். தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், 1988 பெப்ரவரி 17ஆம் திகதி ஆர். இராஜமோகன் அதைக் கண்டுபிடித்தார். ‘கல்கி’ என்ற சிறுகோள் தேடல் திட்டத்துக்குக் கிடைத்த பலன் அது. இந்திய மண்ணிலிருந்து நூறாண்டுக்கு மேலாக ஒரு சிறுகோளும் கண்டுபிடிக்கப்படாதிருந்த குறையை அது தீர்த்தது.

கண்ட அன்றே கணித மேதை இராமானுஜனின் பெயர் அதற்குக் கிடைத்துவிடவில்லை. முதலில் கிடைத்தது ‘1988 டி’ என்று தொடங்கும் தற்காலிகக் குறியீடு. இதற்குள் ஒரு நாட்காட்டியே இருக்கிறது. ஆண்டை 24 அரை மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுக்கிறார்கள். ஜனவரி முற்பாதி ஏ, பிற்பாதி பி. அப்படியே எண்ணினால் பெப்ரவரி பிற்பாதி டி. ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும் என்பதால் ஐ விலக்கு. இரண்டாவது எழுத்து, அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவதாகப் பதிவானது என்பதைச் சொல்கிறது. 25 எழுத்துகளும் தீர்ந்தால், 1 சேர்த்து மறுபடி ஏயிலிருந்து தொடங்குவார்கள். ‘டி டபிள்யூ 1’ என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம்: ஐ இல்லாத வரிசையில் டபிள்யூ 22ஆவது. முடிந்த ஒரு சுற்று 25ஐயும் கூட்டினால், அது அந்த அரை மாதத்தின் 47ஆவது பதிவு.

பிறகு காத்திருக்க வேண்டும். சிறுகோள் கண்ணுக்குத் தோதான இடத்துக்கு வரும்போதெல்லாம் அளந்து, பாதையை ஐயமறக் கணித்த பின்னரே நிரந்தர இலக்கம். இராமானுஜனுக்கு 4130. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. முடிவு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு கையில். பெயர் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும், விளம்பரமாக இருக்கக்கூடாது. அரசியல்வாதி, படைத்தளபதி என்றால் இறந்து நூறு ஆண்டு கழிந்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். வீதிகளுக்கும் மண்டபங்களுக்கும் பெயர் வைக்கும்போதும் இதைப் பின்பற்றலாம். பணத்துக்கும் இங்கே வேலையில்லை. நட்சத்திரத்துக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று சான்றிதழ் விற்பவர்களை நம்பாதீர்கள். வானியலாளர் எவரும் அப்பெயர்களை ஏற்பதில்லை.

இலக்கம் பெற்றவை ஏழு இலட்சத்துக்கு மேல். பெயர் பெற்றவையோ ஏறத்தாழ 25,000 மட்டுமே.

அந்தச் சிலவற்றுள் நமக்கு நெருக்கமானவை பல. 1861இல் மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் பொக்சன் கண்ட 67ஆம் சிறுகோளின் பெயர் ஆசியா. ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே காரணம். இலங்கையில் குடியேறி, திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு 4923. ‘2001’ என்ற எண்ணைத் தலைப்பில் கொண்ட அவர் நாவலுக்குப் பொருத்தமான அந்த இலக்கம் அதற்கு முன்பே ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது. இலங்கையில் பிறந்த வானியலாளர் ரே ஜயவர்தனவின் பெயரில் 4668 ரேஜே சுற்றுகிறது. முஸ்லிம் அறிஞர்களுக்கும் உண்டு: 9936 அல்-பிரூனி; 59239, நாம் இப்னு ஹைதம் என்று அறிந்த அல்ஹசன். அல்-குவாரிஸ்மிக்கு இரண்டு: இருவேறு எழுத்துக்கூட்டலில் 11156, 13498 இரண்டுமே அவருடையவை.

ஊர்ப் பெயர்களுக்கும் தடையில்லை. நமது அட்டாளைச்சேனையை ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து, விதிக்குள் அடங்கிவிடும். ஆனால் முதலில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்; அதற்கும் வழியுண்டு. ஹவாய்த் தீவுகளிலுள்ள தொலைநோக்கி எடுத்த படங்களைப் பாடசாலை மாணவர்களுக்கு இலவசமாக அனுப்பி, கணினியில் சிறுகோள் தேட வைக்கும் சர்வதேசத் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. ஒரு கணினி, இணைய இணைப்பு, ஈடுபாடுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். நமது கல்வியியற் கல்லூரியில் பயிலும் வருங்கால ஆசிரியர்களும், ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களும் அருகிலுள்ள ஒரு பாடசாலையையாவது இதில் சேர்த்துவிட வேண்டும்.