அளவுகோலுக்கு அகப்படாத தடிப்பு

கேக் சுற்றும் அலுமினியத் தாளின் தடிப்பு எவ்வளவு? அளவுகோலில் மிகச் சிறிய இடைவெளி 1 மில்லிமீற்றர். தாளின் தடிப்போ அதில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். பல தடவை மடித்து அளக்கலாமே என்பீர்கள். மடிப்புகளுக்குள் காற்று புகுந்து விடையைக் கூட்டிவிடும், தம்பி தங்கைகளே!

தராசின் உதவியை நாடுவோம். 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தாளை வெட்டுங்கள். பரப்பளவு 1200 சதுர சென்ரிமீற்றர். நுண்ணிய இலத்திரனியல் தராசில் அதன் திணிவு 4.86 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, அதாவது ஒரு கன சென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம்.

4.86 ÷ 2.7 = 1.8 கன சென்ரிமீற்றர். இது தாளின் கனவளவு.
1.8 ÷ 1200 = 0.0015 சென்ரிமீற்றர். இதுதான் தடிப்பு: 0.015 மில்லிமீற்றர்!

தராசு முழுக் கிராமை மட்டுமே காட்டினால் ஒரே அளவான பத்துத் தாள்களைச் சேர்த்து நிறுத்து, பத்தால் வகுங்கள். பிழை குறையும்.

இந்த விடையின் உண்மைப் பொருளை அறிய மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவுக்குப் போவோம். களு கங்கை நீர்த்தேக்கம் உருவானபோது பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. அந்த நீரின் கனவளவை நீர்ப்பரப்பால் வகுத்தால் ஆழம் வரும். ஆனால் பள்ளத்தாக்கின் நடுவில் ஆழம் கூட, கரையோரம் குறைவு. நமக்குக் கிடைப்பது சராசரி ஆழம். அலுமினியத் தாளிலும் நாம் கண்டது சராசரித் தடிப்புத்தான். ஓரிடத்தில் தாள் மெலிந்திருந்தால் தராசு அதைக் காட்டாது.

ஆனாலும் இம்முறையில் ஒரு நன்மை உண்டு: தகட்டை எந்தக் கருவியும் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. 1936இல் யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் கிடைத்த பழைய பொன்னேடு போன்ற அரும்பொருள்களுக்கு இது ஏற்றது. பொன் மென்மையான உலோகம். அழுத்தினால் தழும்பு விழும். தூய பொன்னின் அடர்த்தி 19.3. வேறு உலோகம் கலந்திருந்தால் அடர்த்தி மாறும்; கணக்கும் மாறும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. செம்பின் அடர்த்தி 8.96. அதே 40 × 30 அளவில், அதே 4.86 கிராமில் செம்புத் தகடு செய்தால் தடிப்பு எவ்வளவு? அலுமினியத் தாளைவிட எத்தனை மடங்கு மெல்லியது?