உங்களுக்குத் தெரியுமா? கால் சிரைப் புடைப்பில் மரபணுவின் பங்கு

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளில் மணிக்கணக்கில் நின்றே வேலை பார்ப்பவர்களில் சிலருக்குக் கெண்டைக்காலில் சிரைகள் நீலமாகப் புடைத்துச் சுருள்கின்றன. அருகில் நிற்பவருக்கோ ஒன்றும் ஆவதில்லை. இந்த வேறுபாட்டில் மரபணுவுக்கும் பங்குண்டு.

அசையாமல் நிற்கும்போது கால் சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. வெள்ளையணுக்கள் சிரையின் உட்சுவரில் ஒட்டி உள்ளே நுழைந்து அழற்சியைத் தூண்டுகின்றன. அப்போது சுரக்கும் நொதிகள் சுவரின் கொலாஜன், எலாஸ்டின் இழைகளை அரிக்கின்றன. சுவர் தளர்ந்ததும், இரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வு சரியாக மூடாது. இரத்தம் தேங்கி அழற்சி மேலும் வலுக்கும். இந்த அழற்சியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு, அழற்சிச் செய்தியைக் கடத்தும் சைட்டோகைன் புரதங்களுக்கான மரபணுக்களில் நேரும் ஓரெழுத்து மாற்றங்களும் காரணமாகலாம்.

பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் என்ற மருத்துவத் தரவகத்தில் உள்ள சுமார் 5 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, அழுத்தத்தை உணரும் புரதத்துக்கான பியெசோ1 மரபணுவையும் இந்நோயோடு தொடர்புபடுத்தியது. இரும்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் எச்.எஃப்.இ. மரபணுவின் சி282ஒய் வடிவம், சிரைக் கோளாறு முற்றி வரும் ஆறாத கால் புண்ணுக்கான அபாயத்தைக் கூட்டுவதாக இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வடிவம் இந்தியர்களிடம் மிக அரிது. ஆகவே ஐரோப்பியரிடம் கண்ட மரபணுக்களின் பட்டியலை இங்கே அப்படியே பொருத்துவது தவறு.

பெற்றோருக்கு இந்நோய் இருந்து, கணுக்காலுக்கு மேல் தோல் கறுக்கத் தொடங்கினால், புண்ணாகும்வரை காத்திராமல் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.