ஒரு வேர், ஒரு தண்டு, அரை மூடி எலுமிச்சை

முதல் தடவை வைத்த சூப்பில் உருளைக்கிழங்கு வேகவே இல்லை. முக்கால் மணி நேரம் கொதித்த பிறகும் கடித்தால் நறுக்கென்றது. இரண்டாம் தடவை கிழங்கு வெண்ணெயாக வெந்தது. ஆனால் பீட்ரூட்டின் சிவப்பு போய், பழைய செங்கல் நிறத்தில் ஏதோ ஒன்று பானையில் நின்றது. மண் வாடை வேறு. இரண்டு தடவையும் காய் அதேதான், பானையும் அடுப்பும் அதேதான். முதல் தடவை எலுமிச்சையைத் தொடக்கத்திலேயே பிழிந்திருந்தேன். இரண்டாம் தடவை பயந்துபோய் பிழியவே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சூப்பின் சூட்சுமம் புளிப்பு எப்போது விழுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு கிழங்குக்குப் புளிப்பு வேண்டும், இன்னொன்றுக்கு அது ஆகாது. இரண்டையும் ஒரே பானையில் சமாதானப்படுத்துவதுதான் சமையல்காரரின் வேலை.

தேக்காவில் ஒரு பை

கிழங்கு வாங்க நான் போவது சிங்கப்பூரின் தேக்கா. 1915-இல் கண்டாங் கெர்பாவ் சந்தையாகத் தொடங்கி, 1982-இல் சாலையின் மறுபுறம் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறிய ஈரச்சந்தை இது. தேக்கா என்ற பெயர் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது; மூங்கில் புதரின் அடி என்பது அதன் பொருள். சிராங்கூன் சாலையில் இன்று மூங்கிலைத் தேடினாலும் கிடைக்காது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உருளைக்கிழங்குக் கூடையில் கை வைத்ததும் கடைக்காரர், "அக்கா, பிரட்டலுக்கா, சூப்புக்கா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். உருளைக்கிழங்கில் மாவுப்பிடிப்பு அதிகமுள்ள ரகமும் உண்டு, வழுவழுவென்று துண்டு உடையாமல் நிற்கும் ரகமும் உண்டு. முதல் ரகம் கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும். இரண்டாவது பிரட்டலுக்கு நல்லது. பெயர் தெரியாத கிழங்கு எந்த ரகம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். 11 குவளைத் தண்ணீரில் 1 குவளை உப்பைக் கரைத்து, கிழங்கை அதில் போடுங்கள். மாவு அதிகமுள்ளது கனமாக இருப்பதால் மூழ்கும், வழுவழுப்பானது மிதக்கும்.

பீட்ரூட்டை இலையோடு கிடைத்தால் இலையோடு வாங்குங்கள். பீட்ரூட், நம் தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இலையைக் கடைந்தாலும் சரி, துவட்டினாலும் சரி, கீரைதான்.

கிழங்கு என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். ஆனால் பீட்ரூட் பருத்த வேர். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் ‘கண்’ ஒவ்வொன்றும் ஒரு மொட்டு, அங்கிருந்துதான் முளை வரும். பீட்ரூட்டின் பூர்விகம் ஐரோப்பா, மத்தியதரைக் கடற்கரைப் பக்கம். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர். தமிழ்நாட்டுக்கு இரண்டுமே விருந்தாளிகள். நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் வேர்பிடித்து, ‘இங்கிலீஷ் காய்’ என்ற பெயரோடு சமவெளிக்கு இறங்கியவை. இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் இவற்றைச் சேர்ப்பதில்லை.

நடைமேம்பாலத்துச் சிவப்பு

சிங்கப்பூரின் நடைமேம்பாலங்களில் இரு பக்கமும் காகிதப்பூ தொங்குவதைத் தினமும் பார்க்கிறோம். அந்தப் பூவின் ஊதாச் சிவப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் ஒரே சாயக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீட்டாலைன் என்பது அதன் பெயர். கோழிக்கொண்டை, வாடாமல்லி, சிவப்புத் தண்டுக்கீரை, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவற்றில் இருப்பதும் அதுவே. கத்தரிக்காய்த் தோலிலும் நாவல் பழத்திலும் இருப்பது வேறு சாயம், ஆந்தோசயனின். இவை இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கும் செடி எதையும் இயற்கையில் இதுவரை யாரும் கண்டதில்லை.

பீட்ரூட்டின் உயிரணுவுக்குள் இந்தச் சாயம் ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது. நறுக்கினால் பை கிழியும், வேகவைத்தால் பையின் சவ்வு தளர்ந்துவிடும். கை, பலகை, தண்ணீர் எல்லாம் சிவக்கும். வெளியே வந்த சாயத்துக்குப் பகை பல: சூடு, காற்று, வெளிச்சம், இரும்பு, செம்பு. நேரம் போகப் போக மூலக்கூறு உடைந்து மஞ்சளும் பழுப்புமாகிறது. என் இரண்டாவது பானையில் நடந்தது இதுதான்.

இந்தச் சாயத்துக்குக் காவல் மிதமான புளிப்பு. எலுமிச்சை, தக்காளி, வினிகர், தயிர் என எது சேர்ந்தாலும் நிறம் நின்று பிடிக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூட்டில் உடைந்த சாயத்தில் ஒரு பகுதி, சூப் ஆறும்போது மறுபடி ஒட்டிக்கொள்கிறது. புளிப்பு இருந்தால் ஒட்டுவது எளிதாகிறது. அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்த சூப் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்து தெரிவது கண்ணின் மயக்கம் அல்ல.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் காட்டிப் பாருங்கள். பீட்ரூட் வெந்த தண்ணீரை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் ஒரு சிட்டிகைச் சமையல் சோடா விடுங்கள். மூன்றாவது சும்மா இருக்கட்டும். எலுமிச்சை விட்டது பளிச்சென்று சிவந்து நிற்கும். சோடா விட்டது நேரம் ஆக ஆக நிறம் கெடும்.

மழை வாசனை, தப்பான இடத்தில்

‘பீட்ரூட்டில் மண் வாடை’ என்று முகத்தைச் சுளிப்பவர்கள் சொல்வது உண்மை. ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் இருக்கிறது. கோடை மழையின் முதல் தூறலில் தரையிலிருந்து கிளம்பும் வாசனைக்கும் இதே ஜியோஸ்மின்தான் காரணம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செய்கின்றன. மனித மூக்கு இதற்கு அபாரக் கூர்மை கொண்டது. லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். மழையில் மனதை மயக்குகிற வாசனை, கிண்ணத்தில் வந்தால் சகிப்பதில்லை.

ஜியோஸ்மின் தோல்பக்கம் அதிகம். ஆகவே தோலைச் சீவினாலே பாதி வாடை போய்விடும். மீதியைப் புளிப்பு பார்த்துக்கொள்ளும். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமில்லாத பொருளாக மாறிவிடுகிறது. ஆக, நிறம், மணம் என்ற இரண்டு கணக்கிலும் பீட்ரூட் எலுமிச்சையின் கட்சி.

சாம்பார் தெரிந்தவருக்கு இது தெரியும்

உருளைக்கிழங்கு எதிர்க்கட்சி. காய்கறியின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். கொதிநீரில் அந்தப் பசை மெல்லக் கரைந்து அணுக்கள் பிரிவதைத்தான் ‘வெந்துவிட்டது’ என்கிறோம். தண்ணீர் புளிப்பாக இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் துண்டு விறைத்துக்கொண்டு நிற்கும்.

நம் பாட்டிமார் பெக்டினைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சாம்பாரில் காய் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முந்தி விட்டால் முருங்கையும் கத்தரியும் ‘விறைச்சுப் போகும்’ என்பார்கள். அந்தப் பாடத்தை நான் சாம்பாருக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். சூப் என்றதும் மறந்துவிட்டேன்.

கிழங்கு வெந்ததும் அடுத்த வேலை மாவுடையது. 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. மத்தால் மசித்தால் சில உடைந்து சூப்பைக் கெட்டியாக்குகின்றன. கார்ன்ஃபிளவர் கரைத்து ஊற்ற வேண்டியதே இல்லை. ஆனால் வெந்த உருளைக்கிழங்கை மிக்ஸியில் போட்டு ஓட்டாதீர்கள். கத்தி வேகத்தில் மாவுமணிகள் எல்லாம் ஒரேயடியாகக் கிழிந்து, சுவரொட்டி ஒட்டும் பசைபோல இழுக்கும். பருப்பு மத்து போதும்.

உக்ரைனும் ஹைனானும்

இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவைத்தவர்கள் கிழக்கு ஐரோப்பியர். போர்ஷ் என்ற அவர்களுடைய பீட்ரூட் சூப்பில், பல வீடுகளில் பீட்ரூட்டை வினிகரோ தக்காளியோ சேர்த்துத் தனிச் சட்டியில் வதக்குவார்கள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வேறு பானையில் வேகும். கடைசியில்தான் இரண்டும் சேரும். மேலே ஒரு கரண்டி புளித்த பாலாடை. உக்ரைனின் போர்ஷ் சமைக்கும் மரபை யுனெஸ்கோ 2022 ஜூலையில், அவசரமாகக் காக்கப்பட வேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 2020 டிசம்பரில், சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

போர்ஷும் ஹைனான் சமையல்காரர்களும் சந்தித்த இடம் ஒன்று சிங்கப்பூரில் உண்டு. வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் சமையல் கற்றவர்கள் ஹைனான் சீனர்கள். அந்த வழியில் வந்தவர்கள் ட்ரொய்க்கா என்ற ரஷ்ய உணவகத்தில் வேலை பார்த்து, 1986-இல் ஆர்ச்சர்ட் சாலையின் ஃபார் ஈஸ்ட் ஷாப்பிங் சென்டரில் ஷாஷ்லிக் என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். அங்கே போர்ஷ் பேர்பெற்ற பண்டம்.

சிங்கப்பூர்ச் சீன வீடுகளில் அடிக்கடி கொதிக்கும் ஏபிசி சூப்பும் தூரத்து உறவுதான். உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி, வெங்காயம், கோழியோ எலும்போ போட்டுச் சிறுதீயில் வைப்பார்கள். பீட்ரூட் இல்லை, மசிப்பதும் இல்லை, தெளிந்த சாறு.

வைக்கும் விதம்

நான்கு பேருக்கு நடுத்தரப் பீட்ரூட் இரண்டு, மாவுப்பிடிப்புள்ள உருளைக்கிழங்கு பெரியது இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், எலுமிச்சை அரை மூடி. வயிறு நிறைய வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு.

பீட்ரூட்டை நறுக்காதீர்கள். காம்பில் ஓர் அங்குலமும் வால் வேரும் விட்டு, கழுவி, முழுசாகக் குக்கரில் வையுங்கள். வெட்டுவாய் இல்லாததால் சாயம் உள்ளேயே தங்கும். நாலைந்து விசில். ஆறியதும் தேய்த்தாலே தோல் கழன்று வரும். துருவி, எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சையை இங்கே பிழியுங்கள். பானையில் அல்ல, கிண்ணத்தில். கலந்து அப்படியே விடுங்கள்.

வேறொரு பானையில் நெய் விட்டு, சீரகம், இடித்த மிளகு, பூண்டு, வெங்காயம் வதக்குங்கள். சூப்பில் மிளகும் சீரகமும் எதற்கு என்று யோசிக்க வேண்டாம். ஆங்கிலேயர் ‘முல்லிகடானி’ என்று உலகெங்கும் கொண்டுபோன சூப், நம் மிளகுத்தண்ணீர்தான். சூப்புக்குள் மிளகைக் கொண்டுவர நமக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. உருளைத் துண்டுகளும் பருப்பும் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கிழங்கை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுவரை எலுமிச்சைப் பக்கம் போகக்கூடாது. பிறகு மத்தால் பாதியை மசித்து, பாதியைத் துண்டாக விடுங்கள்.

இப்போது கிண்ணத்துப் பீட்ரூட்டைச் சாறோடு கொட்டுங்கள். ஒரே ஒரு கொதி. அணைத்து மூடி, பத்து நிமிடம். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு மேலே ஒரு கரண்டி கெட்டித் தயிர், கொஞ்சம் மல்லித்தழை. ரொட்டியோ புரோட்டாவோ தொட்டுக்கொண்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. அசைவக்காரர்கள் தண்ணீருக்குப் பதில் ஆட்டெலும்பு கொதித்த சாற்றை விடலாம்.

சாப்பிடும் முன்

மறுநாள் காலை சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். பத்தில் ஒருவருக்கு அல்லது சற்றுக் கூடுதலான பேருக்குப் பீட்ரூட்டின் சாயம் அப்படி வெளியேறும். பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய உண்டு. வாயில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடைச் செய்துகொள்கிறது. ரத்த அழுத்தம் சிறிது குறையலாம், ஆனால் மாத்திரைக்கு இது மாற்று அல்ல. பீட்ரூட்டில் ஆக்ஸலேட்டும், இரண்டு காயிலும் பொட்டாசியமும் அதிகம் என்பதால், சிறுநீரகக் கல்லோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்காரர்கள் உருளைக்கிழங்கைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்.

பச்சை படர்ந்த உருளைக்கிழங்கைப் பானைக்குக் கொண்டுவராதீர்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையாகும்போது அதில் சேரும் சொலனின் நஞ்சு கொதித்தாலும் போகாது. அடுக்குமாடி வீட்டின் சன்னலோரக் கூடையை விட, இருட்டான அலமாரியே கிழங்குக்கு ஏற்ற இடம்.

நான் இப்போது அரை மூடி எலுமிச்சையைப் பானைக்கு எட்டாத தூரத்தில், பீட்ரூட் கிண்ணத்தின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கிழங்கு மத்துக்கு மசிந்த பிறகுதான் இரண்டும் சந்திக்க வேண்டும்.