தொட்டிலுக்கு மேல் ஒரு தார்ப்பாய்

கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு ‘கேட்டமரான்’ என்றனர். பதிலுக்கு நாம் அவர்களுடைய ‘டார்பாலின்’ என்ற சொல்லை வாங்கித் தார்ப்பாய் ஆக்கிக்கொண்டோம். தார் பூசிய துணி என்ற பொருளும் கெடவில்லை. மரக்கலத்தின் பாய் என்ற நம் சொல்லும் அதில் வந்து அமர்ந்துகொண்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நமக்கு நட்டமில்லை என்றே தோன்றுகிறது!

முத்துநகரில் தார்ப்பாயைக் காணாத நாளே இல்லை. தோணியில் ஏற்றிய சரக்கின் மேல், துறைமுகம் செல்லும் லாரியின் மேல், மழைக்காலத்தில் ஒழுகும் ஓட்டுக்கூரையின் மேல் என எங்கும் அதுவே. ஆனால் நாங்கள் இங்கே எழுத வந்தது சிறியதொரு தார்ப்பாயைப் பற்றி. வெட்டவெளியில் வேலை செய்யும் தாய்மார், உடைமரக் கிளையிலோ மூன்று கம்புகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியிலோ சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையை உறங்க வைக்கிறார்கள். அதற்கு மேலே நிழலுக்காக ஒரு பாய். அந்தப் பாய் தொய்ந்தால் என்ன ஆகும்? சாரணியர் முகாமில் கூடாரம் அடிக்கும் நாங்கள் இதை அறிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் நீர். மூன்றுக்கு நான்கு மீட்டர் பாயின் மேல் அதே மழை 120 லிட்டர் ஆகிவிடுகிறது. பாய் சரிவாக இருந்தால் அத்தனையும் ஓடிவிடும். நடுவில் குழி விழுந்தாலோ நீர் தேங்கும். தேங்கிய நீர் குழியை ஆழமாக்கும். ஆழமான குழி இன்னும் நீரைச் சேர்க்கும். ஒரு மீட்டர் நீள அகலமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள குழியில் 100 கிலோ எடை நிற்கிறது. கீழே இருப்பதோ கைக்குழந்தை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் குழி விழுந்த பாயைவிடப் பாயே இல்லாதிருப்பது மேல்.

உப்பளக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். மழைக்கு முன் உப்பைச் செங்குத்தான அம்பாரமாகக் குவித்துப் பனையோலை வேய்கிறார்கள். தட்டையாகப் பரப்பி மூடுவதில்லை.

ஆகவே முதல் வேலை, தொட்டிலுக்கு மேலே முகட்டுக் கயிறு ஒன்றை இரு முனையிலும் கட்டி, அதன் மேல் பாயைப் போட்டு, இருபுறமும் சரிவாக இழுப்பது. தொட்டில் தொங்கும் கயிற்றிலேயே பாயைக் கட்டலாகாது. ஆட்டும் ஒவ்வொரு முறையும் பாய் இழுபடும், முடிச்சுகள் நழுவும். முகட்டுக் கயிற்றை வீணைத் தந்தி போல் இழுக்கவும் வேண்டாம். கயிற்றின் நடுவில் ஒரு சுமை இருந்து, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் சுமைக்குச் சமமான இழுவிசை. சாய்வு 10 பாகையானால் ஏறக்குறைய மூன்று மடங்கு! பௌதிகப் பாடத்தில் விசை இணைகரம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் தோழியர் கவனிக்க.

இனிக் காற்று. ஆடியில் வீசும் கச்சானுக்கு மேற்கு முனையும், மழைக்கால வாடைக்கு வடக்கு முனையும் தாழ்ந்திருக்க வேண்டும். முகட்டுக் கயிறு கட்ட வசதியில்லாத இடத்தில் ஓர் அழகான வழி உண்டு: பாயின் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டையும் தரையருகே இழுத்துவிடுங்கள். பாய் குதிரைச் சேணம் போல ஒருபுறம் மேல்நோக்கியும் மறுபுறம் கீழ்நோக்கியும் வளையும். எத்திசைக் காற்றாயினும் ஒரு வளைவு தளர முயலும்போது மற்றது அதை இறுக்கிப் பிடிக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரையில் இவ்வகை வளைவுகளைக் காணலாம்.

கயிற்றின் குணமும் தெரிய வேண்டும். பருத்தி, சணல் முதலியவை நனைந்தால் இழைகள் பருத்து நீளத்தில் சுருங்கும். 1586 செப்டம்பரில் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில், ரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் 300 டன்னுக்கு மேற்பட்ட கல்தூணை நிறுத்தினார்கள். கயிறுகள் தளர்ந்தபோது, வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளையையும் மீறி, “கயிற்றுக்குத் தண்ணீர்!” என்று ஒரு மாலுமி கூவினானாம். அவன் ஊராகிய சான் ரெமோவிலிருந்து குருத்து ஞாயிறுக்கு ஓலை அனுப்பும் உரிமை அதனால் கிடைத்தது என்பது கதை. கதை மெய்யோ பொய்யோ, மாலுமிகள் கயிற்றின் குணம் அறிந்தவர்கள் என்பது மெய். அத்தகைய கயிற்றை இரவுப் பனிக்கு முன் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் முளையையே பிடுங்கும். நைலானோ இதற்கு நேர்மாறு. நனைந்தால் நீளும். மழை தொடங்கியதும் ஒருமுறை எழுந்து சென்று இழுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்டாமலிருக்க நழுவு முடிச்சு உதவும். கயிற்றை முளையைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து, முளைக்கும் முடிச்சுக்கும் இடையே அமையும் கண்ணிக்குள்ளாகத் தாய்க்கயிற்றின் மேல் இரண்டு சுற்று. பின் கண்ணிக்கு வெளியே, பாயின் பக்கமாக, அதே திசையில் ஒரு சுற்று சுற்றி, நுனியை அதனடியில் செருகி இறுக்குங்கள். கையால் தள்ளினால் முடிச்சு நகரும். கயிறு இழுபட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டினால், காற்றடிக்கும்போது நீண்டு, ஓய்ந்ததும் தானே இறுக்கும். இது கடையில் வாங்கும் எந்தச் சாதனத்துக்கும் குறைந்ததன்று.

நம் கரை மணலில் முளை நிற்காதே என்பீர்கள். அரிசிச் சாக்கில் பாதி மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். பாயின் மூலைக் கண் கிழிந்திருந்தால், துணிக்குள் உருண்டையான ஒன்றை வைத்து அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டலாம். முத்துக்கரையில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் விளிம்பு பாயை அறுத்துவிடும். புன்னைக்காய் நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் தொட்டில் நனைவதுண்டு. கிளையில் விழும் மழை தொட்டில் கயிற்றின் வழியே இறங்கிச் சேலைக்குள் வந்துவிடும். பாய்க்குள் நுழையும் இடத்தில் கயிற்றில் ஒரு கந்தைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அதன் நுனியில் சொட்டிவிடும். உடைமரத்து முள் பாயில் படாதபடி கிளையைத் தள்ளிக் கட்டுவதும் அவசியம்.

பயன்படுத்திய பாயை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மடிக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு படிந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காதீர்கள். அந்தக் கோட்டில்தான் அடுத்த மழைக்கு ஒழுகும்.