முதுகு என்னும் நெம்புகோல்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் புத்தகப் பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கைகளை முன்னால் நீட்டி அதே பையைப் பிடியுங்கள். சில நொடிகளிலேயே தோளும் முதுகும் களைத்துப் போகும். பையின் எடை கூடவில்லையே, பின் ஏன் இந்தக் களைப்பு?

விடை நெம்புகோல் தத்துவத்தில் இருக்கிறது. நமது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. பளுவைத் தூக்கும்போது இடுப்புப் பகுதியிலுள்ள தட்டு ஆதாரப் புள்ளியாகிறது. பளு முன்னால் இருக்கிறது. அதைச் சமன் செய்யும் தசைகள் பின்னால், ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் உள்ளன.

இப்போது கணக்கிடுவோம். 20 கிலோ பளுவை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், 20 × 40 = 800. இதை 5 ஆல் வகுத்தால் 160. அதாவது, தசைகள் 160 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். பளுவையும் சேர்த்தால் தட்டின்மேல் 180 கிலோ! அதே பளுவை 20 செ.மீ. தொலைவில் பிடித்தால் 100 கிலோதான். நம் மேலுடலின் எடையை இதில் சேர்க்கவில்லை. குனிந்தால் அதுவும் பளுவாகிவிடும். மூட்டை தூக்குவோர் மூட்டையை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் இயன்முறை மருத்துவரின் நிலை வேறு. பக்கவாதத்தால் கால் செயலிழந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். மனிதருக்குக் கைப்பிடி இல்லை. மூட்டையைப் போல் அவரை அணைத்துத் தூக்கவும் முடியாது. திடீரென்று அவர் கால் வழுக்கினால் முழு எடையும் ஒரு நொடியில் மருத்துவரின் முதுகில் இறங்கும். நோயாளிகளைத் தூக்குவோரிடையே முதுகுவலி மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991-இல் திருத்திய சமன்பாட்டின்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கக்கூடிய பளு 23 கிலோ. நோயாளிகளைத் தூக்குவதற்கோ, அந்நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் கூறிய வரம்பு சுமார் 16 கிலோதான். 60 கிலோ எடையுள்ளவரைத் தனியே தூக்குவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்!

ஆகவே முறையாகக் குனியக் கற்றால் மட்டும் போதாது. கட்டிலின் உயரத்தைச் சரிசெய்தல், வழுக்கு விரிப்பு, இடுப்புப் பட்டை, தூக்கும் பொறி, துணைக்கு இன்னொருவர் ஆகியவையும் வேண்டும். நோயாளி தன்னால் இயன்ற அளவு தானே எழுந்திருக்க முயல்வது அவருக்கும் நல்ல பயிற்சி.

வீட்டில் நோயுற்ற தாத்தாவைத் தூக்க நேர்ந்தால், உங்கள் பலத்தைக் காட்ட நினைக்காதீர்கள். இன்னொருவரைக் கூப்பிடுங்கள். நெம்புகோலுக்குப் பலசாலி, பலவீனன் என்ற வேறுபாடு தெரியாது.