சுண்ணாம்பு மண்ணும் எனது சோளக் கணக்கும்

பசளை வியாபாரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். அப்படிப்பட்ட நானே பசளையால் நஷ்டப்பட்ட கதையை இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வெளியூரில் காணி குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்ய எண்ணும் வியாபாரிகளுக்கு இது உதவலாம்.

எனது கடை கம்பளைப் பக்கம். அங்கு தேயிலைக்காரர்களுக்கு டொலமைட்டும் எப்பாவல பொஸ்பேட்டும் விற்றுப் பழகியவன் நான். மலைநாட்டு மண் அமிலத்தன்மை கூடியது. டொலமைட் அந்த அமிலத்தைக் குறைக்கும். எப்பாவலக் கல்மாவு அந்த அமிலத்தில்தான் மெதுவாகக் கரைந்து பயிருக்குப் போகும்.

2017இல் யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் மச்சானும் நானும் கூட்டாக, வலிகாமத்தில் இரண்டு ஏக்கர் செம்மண் காணி எடுத்துப் பெரும்போகத்தில் சோளம் போட்டோம். முதல் என்னுடையது, வேலை அவருடையது. அவித்து விற்பவர்களுக்குப் பச்சைச் சோளம் கொடுப்பது திட்டம். பசளையை நானே லொறியில் ஏற்றி அனுப்பினேன். டி.எஸ்.பி. விலை கூட என்பதால் எப்பாவல பொஸ்பேட். போதாக்குறைக்கு நாலு மூடை டொலமைட்டும்!

மூன்று வாரத்தில் மச்சான் போன் எடுத்தார். "இலையெல்லாம் வெளிறுது மச்சான், கன்று எழும்புதில்ல."

"யூரியா காணாது. இன்னொரு மூடை வீசுங்க" என்றேன். வீசினார். பலனில்லை. பின்னர் யாரோ "நுண்சத்து" என்று ஒரு போத்தலைத் தலையில் கட்டினார்கள். அதில் என்ன சத்து, எத்தனை வீதம் என்று லேபலில் ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் நானே போனேன். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து அதில் வினாகிரி ஊற்றினார். சோடாப் போத்தல் திறந்தது போல் நுரைத்தது. "சுண்ணாம்பு மண்ணுக்கு நீங்கள் சுண்ணாம்பு கொண்டுவந்திருக்கிறீர்கள் முதலாளி" என்று சிரித்தார்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். எங்கள் காணியில் அந்தக் கல் மேலேயே தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கும்; அதே தண்ணீரைத்தான் பயிருக்கும் இறைக்கிறோம். இப்படியான மண்ணில் எப்பாவல மாவு கரையாது, மண்ணாகவே கிடக்கும். கரையும் டி.எஸ்.பி.யைக்கூட நிலமெங்கும் வீசினால் கல்சியம் பிடித்து இறுக்கிவிடும். யூரியாவை மேலே வீசிவிட்டால் கணிசமான பங்கு அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது.

எங்கள் பயிருக்கு வந்தது துத்தநாகக் குறை. குருத்துப் பக்கத்து இளம் இலைகளில், நடு நரம்புக்கு இருபுறமும் அடியிலிருந்து வெளிறிய பட்டை விழும். நரம்பும் ஓரமும் பச்சையாகவே இருக்கும். நைதரசன் குறைந்தால் பழைய இலைதான் நுனியிலிருந்து மஞ்சளாகும். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் ஒரு மூடை யூரியா மிச்சம்.

கந்தகம் போட்டுச் சுண்ணாம்பை முறித்துவிடலாமே என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஏக்கரில் ஆறங்குல ஆழ மண் ஏறத்தாழ 900 தொன். அதில் 1 வீதம் சுண்ணாம்பு என்றாலும் 9 தொன். அதைத் தீர்க்க 3 தொன் அளவு கந்தகம் வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் போகத்தில் போட்ட முதலில் பாதிகூடத் திரும்பவில்லை.

2018இல் அரை ஏக்கரில் மட்டும் திரும்பப் போட்டோம். நன்கு உக்கிய மாட்டெரு. டி.எஸ்.பி.யை வீசாமல், விதைக்கு இரண்டங்குலம் பக்கத்தில், இரண்டங்குலம் ஆழத்தில் வரியாக இட்டோம். அளவு கூட்டவில்லை, பொஸ்பரஸ் மிஞ்சினால் துத்தநாகக் குறை இன்னும் மோசமாகும். ஏக்கருக்கு 10 கிலோ கணக்கில் சிங்க் சல்பேட். யூரியாவைப் பிரித்து இட்டு, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் பாய்ச்சினோம். வெளிறல் தெரிந்த இடங்களுக்கு 10 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் சிங்க் சல்பேட்டும் 25 கிராம் நீறிய சுண்ணாம்பும் கரைத்து வடித்து, மாலையில் இலைக்குத் தெளித்தோம். (சுண்ணாம்பு இங்கேயுமா என்று கேட்காதீர்கள், இலை கருகாமலிருக்க.)

கன்றுகள் கரும்பச்சையாக எழும்பின. அந்த வருடம்தான் சேனா படைப்புழுவும் வந்து சேர்ந்தது. ஆகவே விளைச்சல் கணக்கை இங்கு எழுதினால் நியாயமாகாது. புழு விட்டுவைத்த பொத்திகளில் மணி நுனிவரை நிறைந்திருந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

வாங்கும்போது ஒரு விடயம். சிங்க் சல்பேட் இரண்டு வகை. பளிங்கு போன்றதில் துத்தநாகம் 21 வீதமளவில், தூளாக வருவதில் 33 வீதமளவில். கிலோ விலையைப் பாராமல், விலையை வீதத்தால் பிரித்துப் பாருங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை வந்து விலைகள் எகிறிய பிறகு, எனது கடையில் எல்லாப் பசளைக்கும் இப்படித்தான் கணக்குச் சொல்கிறேன்.

மீந்த இரண்டு மூடை டொலமைட்டையும் கம்பளைக்கே திருப்பி ஏற்றி வந்தேன். லொறிக் கூலியும் என் கணக்கில்தான்.