காற்றமுக்கத் தெளிகருவியை அபாயமின்றிக் கையாளும் முறை

பயிர்நோய்களைத் தடுப்பதில் போர்டோக் கலவையின் பயனை விவசாயிகள் நன்கறிவர். 1885-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பேராசிரியர் மில்லார்டே திராட்சைக்கொடியின் நோய்க்கென வெளியிட்ட இம்மருந்து இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும், மருந்தின்மீது செலுத்தும் கவனத்தை அதைத் தெளிக்கும் கருவியின்மீது செலுத்துவோர் சிலரே.

கைப்பம்பினால் காற்றை அடைத்துத் தெளிக்கும் கருவியில், கலத்தின் முக்கால் பங்கிற்குமேல் மருந்து ஊற்றலாகாது. எஞ்சிய கால் பங்கு காற்றுக்குரியது. அமுக்கப்பட்ட காற்று, அழுத்திப் பிடித்த சுருள்வில்லைப் போன்றது. விடுபட்ட கணமே விரியும். 4 அங்குல விட்டமுள்ள மூடியுடைய கலத்தில், சதுர அங்குலத்திற்கு 40 ராத்தல் அமுக்கம் இருப்பின், மூடியை உள்ளிருந்து தள்ளும் பாரம் சுமார் 500 ராத்தலாகும். இஃது 75 கிலோ நெல்மூட்டைகள் மூன்றின் பாரம்.

தெளிமுனை அடைபட்டுக்கொள்ளும் சமயமே மிக்க அபாயமானது. மருந்து வரவில்லையென்று கண்ட ஆள், கலத்தின்மேற் குனிந்து மூடியைத் திருகக்கூடும். முனை அடைபட்டால் காற்றும் வெளியேறியிராது என்பதை அவர் மறத்தலாகாது. முதலில் குழாயின் அடைப்பானை மூடி, முனையை மட்டும் கழற்றி, நீரில் அலசி, மெல்லிய புல்லினால் துளையைச் சுத்தம் செய்க. கம்பியால் குத்தின் துளை பெரிதாகும். வாயால் ஊதின் விஷம் உட்செல்லும். மூடியைத் திறக்க நேரின், காற்றுப்போக்கி இருந்தால் அதைத் திறந்து காற்றை விடுக. இல்லையேல், முகத்தை விலக்கி, மூடியை அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, சீறும் ஓசை முற்றும் அடங்கிய பின்னரே கழற்றுக.

அடைப்பு நேராமல் காப்பதே மேலானது. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோவும், நல்ல சுண்ணாம்பு 1 கிலோவும் தனித்தனியே மண் அல்லது மரப் பாத்திரத்தில் கரைத்துக் கலந்து, துணியில் வடிகட்டியே கலத்தில் ஊற்றுக. துலக்கிய அரிவாளின் முனையைக் கலவையில் தோய்த்துப் பார்க்கையில் செம்பு படியுமாயின், இன்னும் சுண்ணாம்பு வேண்டுமென்று அறிக.

மயில்துத்தம் இரும்பை அரிக்கும். அரிக்கப்பட்ட கலம் அமுக்கத்தைத் தாங்காது வெடிக்கும். ஆகையால் அன்றாடம் வேலை முடிந்ததும் கலத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தல் அவசியம். பருவந்தோறும், கலத்தை விளிம்புவரை வெறும் நீரால் நிரப்பி, பம்பினால் வழக்கமான அமுக்கம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். நீர் காற்றைப்போல் விரியாதாகையால், பழுதுற்ற கலம் கசியுமேயன்றிச் சிதறாது. கசிந்த கலத்தையும், துருவேறி நசுங்கிய கலத்தையும் ஒதுக்கிவிடுக.

கருவியைச் சுமப்பவர் பெரும்பாலும் கூலியாளே. அதன் பழுதை அறிய வேண்டியவர் நிலச்சொந்தக்காரர். பலர் மாறிமாறி வாங்கிச் செல்லும் பொதுக் கருவியாயின், சோதித்த நாளைக் கலத்தின்மேல் எழுதி வைக்கக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வாராக. ஒரு குடம் நீரும் சிறிது பொழுதும் செலவிட்டால், ஒருவரது கண்பார்வையைக் காக்கலாம்.